பள்ளி மூடலும் பெற்றோர் கவலையும்

கொரோனா நோய் பரவிய காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத நடுவில் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கு அவை மீண்டும் திறக்கப்பட்டது 2021ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதியில்தான். இடைப்பட்ட காலம் பத்தொன்பதரை மாதம். 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த ஒரு நெசவாளர் வீட்டுச் சிறுவன், பள்ளிக்கூடத்து வாசற்படியை முதன்முதலாக மிதித்தபோது இரண்டாம் வகுப்பு மாணவனாகி விட்டிருந்தான். ஒன்றாம் வகுப்பு என்பது அவனைப் பொறுத்தவரை பதிவேட்டில் மட்டும் நடந்தேறியது.

நூல் விலையும் நெசவுக் கூலியும் பயிர்க்கடன் வட்டியும் பேசப்பட வேண்டிய இப்பக்கங்களில் பள்ளிக்கூடப் பேச்சுக்கு இடமுண்டா என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே என் கருத்து. நம் சங்கங்களின் அங்கத்தினரில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள். அன்றியும், நோய்க் காலத்தில் அரசாங்கம் பெற்றோரின் அபிப்பிராயத்தைக் கேட்டது. ஒருமுறையன்று, இருமுறை கேட்டது. கேட்ட முறை சரிதானா, கேட்டதன் பயன் யாது என்பவை, பொதுக் கூட்டம், தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பு ஆகிய மூன்றிலும் பழகிப்போன நம்மைப் போன்றோர் ஆராய வேண்டிய விஷயங்களே. அந்தக் காலம் கழிந்துவிட்டது, இனி அதைக் கிளறுவானேன் என்பாரும் உளர். கொள்ளை நோய் ஒருமுறை வந்து போனதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாக எந்த மருத்துவரும் நமக்கு உறுதி கூறவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதில் பிழை காண நான் முற்படவில்லை. தடுப்பூசி இல்லாத காலம் அது. நோய் எவ்வழியாகப் பரவுகிறது, யாரை எளிதில் வீழ்த்துகிறது என்பனகூட அப்போது தெளிவாகவில்லை. கூரை தீப்பற்றி எரியும்போது, நிகழ்ச்சி நிரல் அச்சிட்டு அங்கத்தினர்க்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்க இயலாது. அடைப்பதை அடைத்துவிட்டுப் பிறகு பேச வேண்டியதுதான். என் வழக்கெல்லாம் அந்தப் 'பிறகு' பற்றியது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். ஜூன் 15ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைத் தொடங்குவதென்று அரசாங்கம் உறுதியாக நின்றது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுத வேண்டிய தேர்வு. சென்னையிலோ நோய் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. பெற்றோர் கலங்கினர், விஷயம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஜூன் 9ஆம் தேதி தேர்வு கைவிடப்பட்டு, காலாண்டு அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் என்ற கணக்கில் அனைவரும் தேறியதாக அறிவிக்கப்பட்டனர். அரசாங்கம் பெற்றோர் கவலைக்கு இணங்கியது நன்று. ஆயினும் தேர்வுக்கு ஆறு நாள் முன்பு வரை அந்தக் கவலை எங்கே பதிவாகிக் கொண்டிருந்தது? நீதிமன்றத்திலும் நாளிதழிலும். தனியார் பள்ளிக் கட்டணத் தகராறும் அவ்வாறே நீதிமன்றம் ஏறியது; முதல் தவணையாக 40 விழுக்காடு வசூலிக்கலாம் என்று 2020 ஜூலையில் ஓர் ஏற்பாடும் பிறந்தது. வழக்கறிஞரை அணுகவும் ஏட்டுக்கு எழுதவும் வல்லவர்களின் கவலை ஏதோ ஒரு வழியில் அரசாங்கத்தின் செவிக்கு எட்டிவிடும். நூல் வாங்கச் சங்கத்துக்கும், கூலிக்குக் களத்துமேட்டுக்கும் போய் வருபவரின் கவலை எவ்வழியே எட்டும்?

அவர்களுடைய கவலை என்ன என்பதையே பலர் சரியாக அறியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நெசவாளர் வீட்டைப் பாருங்கள். குழித்தறி ஒன்று கூடத்தின் பாதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய பாதியில் அடுப்படிக்குப் போகும் வழி, நூல் சிட்டங்கள் தொங்கும் கொடி, சுவரோரமாகக் கிழவரின் கட்டில். இரவில் தறிக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்குவர். நோயுற்றவரைத் தனி அறையில் வையுங்கள் என்று தொலைக்காட்சி அறிவுறுத்தியபோது, எந்த அறையில் என்று இவர்கள் யாரைக் கேட்பது? பள்ளிக்குப் போய்வரும் பிள்ளை நோயைக் கொணர்ந்தால் அது முதலில் சேருமிடம் கிழவரின் கட்டில். தறியில் இறங்குபவர் படுத்துவிட்டால் அன்று முதல் கூலி நின்றுபோகும். சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு என்பதை அவர்கள் கேள்விப்பட்டதுண்டு, அனுபவித்ததில்லை. ஆகவே 'பள்ளி திறக்க வேண்டாம்' என்று நெசவாளர் ஒருவர் சொன்னால், அது அறியாமையாலன்று. தம் வீட்டின் அளவும் தம் வருவாயின் அளவும் அறிந்து சொன்ன சொல். மாதச் சம்பளக்காரர் அதே சொல்லைச் சொல்லும்போது அதன் பொருள் வேறு.

மறுபுறத்தில் இன்னோர் அச்சம் வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டிலேயே இருக்கும் பிள்ளை சும்மா இருப்பதில்லை. காலையில் பாவு விரிக்கும்போது ஒரு முனையைப் பிடிக்கிறது. பிறகு இராட்டையில் அமர்ந்து தார் சுற்றுகிறது. சற்று உயரம் வந்துவிட்டால் தறிக்குழியிலேயே இறங்கிவிடுகிறது. உழவர் வீட்டிலோ நாற்றுக்கட்டுச் சுமப்பதும் பருத்தி எடுப்பதும். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதிலும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று இடம் தருகிறது. பள்ளியே இல்லாதபோது பள்ளி நேரம் ஏது? அந்த வரம்பு பத்தொன்பதரை மாதம் பொருளற்றுக் கிடந்தது. எந்த அதிகாரியும் அதைக் கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. நானும் ஓர் அதிகாரிதான், நானும் கவனிக்கவில்லை.

கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. அரசாங்கம் இயன்றதைச் செய்தது என்பதில் ஐயமில்லை. பாடநூல்கள் வழங்கப்பட்டன, மதிய உணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குத் தரப்பட்டன. ஆயினும் தறி ஓசைக்கு நடுவே தொலைக்காட்சிப் பாடம் எவ்வளவு செவியில் ஏறும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. சற்று வசதியுள்ள பள்ளிகள் கைபேசி வழியே வகுப்பு நடத்தத் தொடங்கியதும், வீட்டுக்கு ஒரு கைபேசி வேண்டும் என்ற நிலை வந்தது. அக்காலத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகைக் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடன் எதற்கு என்ற இடத்தில் வழக்கம்போல் 'விவசாயச் செலவு' என்றே எழுதியிருந்தது. எழுத்தரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "ஐயா, இந்தத் தோடும் இந்த மோதிரமும் போனுக்குத்தான் வந்தது" என்றார். சங்கங்களில் 5 சவரன் வரையிலான நகைக் கடன்கள் பின்னர்த் தள்ளுபடியாகுமென 2021இல் அறிவிக்கப்பட்டது. அதனுள் எத்தனை கைபேசிகள் அடங்கியிருந்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஆக, ஒரே தாயின் மனத்தில் இரண்டு அச்சங்கள். ஒன்று உயிரைப் பற்றியது. மற்றொன்று வாழ்வைப் பற்றியது. இந்நிலையில்தான் 2020 நவம்பர் வந்தது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளை நவம்பர் 16ஆம் தேதி திறப்பதாக அரசாங்கம் அக்டோபர் 31ஆம் தேதி அறிவித்தது. எதிர்ப்பு எழவே, நவம்பர் 9ஆம் தேதி பள்ளிதோறும் பெற்றோரை அழைத்து அபிப்பிராயம் கேட்பதென முடிவாயிற்று. என் தமக்கையாரின் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அவருக்குத் துணையாக நானும் சென்றேன். பள்ளி முற்றத்தில் இடைவெளி விட்டு வட்டம் வரைந்திருந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றோம். ஒரு சீட்டுத் தரப்பட்டது. பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி திறக்கலாமா வேண்டாமா, கையொப்பம். அவ்வளவே. தமக்கையார் சீட்டை என்னிடம் நீட்டினார். 'வேண்டாம்' என்று எழுதியவன் நான். பேனா கையில் இருப்பதைக் கண்டு அத்தெருவினர் மேலும் சிலர் தங்கள் சீட்டுகளையும் தந்தனர். பதினொரு சீட்டுகள் எழுதினேன்.

அவர்களுள் ஒரு நெசவாளர் வீட்டு அம்மையார் உடனே சீட்டைத் தரவில்லை. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. "தம்பி, நோயும் பயமாயிருக்குது. பெண் இப்படியே தறியிலே உட்கார்ந்துட்டா அப்புறம் எழுந்திருக்க மாட்டாள், அதுவும் பயமாயிருக்குது. இதிலே ஒரு கட்டந்தானே இருக்குது, எதை எழுதுறது?" என்றார். நான் சிறிது யோசித்துவிட்டு, எல்லோரும் வேண்டாமென்றே எழுதுகிறார்கள் என்றேன். அப்படியானால் அதையே எழுது என்றார். எழுதினேன். பட்டதாரி ஒருவன் அந்த முற்றத்தில் அன்று செய்த தொண்டு இது. அவ்வம்மையார் இரண்டு கவலைகளைச் சொன்னார்; நான் ஒன்றைப் பதிந்தேன்; மற்றது முற்றத்திலேயே நின்றுவிட்டது.

நவம்பர் 12ஆம் தேதி, பள்ளித் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. பெற்றோர் கருத்தை மதித்து அரசாங்கம் நடந்துகொண்டது என்று பாராட்டினோம். பாராட்டத்தக்கதே. நாட்டில் எத்தனையோ திட்டங்கள் மக்களைக் கேளாமலே வந்து இறங்குகின்றன. இது கேட்டுச் செய்தது. ஆனால் கூட்டுறவாளன் கண்கொண்டு நோக்கும்போது குறை புலனாகாமற் போகாது. நம் சங்கத்தில் ஒரு பொருளைப் பொதுக் கூட்டத்தின் முன் வைக்கிறோமென்றால், முதலில் அறிவிப்பு, அறிவிப்போடு அப்பொருள் பற்றிய விவரம், கூட்டத்தில் விவாதம், விவாதத்தின்போது ஒருவர் மனத்தை மற்றவர் மாற்றுதல், பிறகே தீர்மானம், கடைசியில் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு. அதிருப்தி தெரிவித்த அங்கத்தினரின் பெயரும் காரணமும் அங்கே இருக்கும். பள்ளி முற்றத்தில் இவற்றுள் எது நடந்தது? சீட்டு மட்டும் நடந்தது. நம் வட்டாரத்தில் நோய் எந்த அளவில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அபாயம் எவ்வளவு, கிழவர்களுக்கு எவ்வளவு, வகுப்பில் எத்தனை பேரை அமர்த்தப் போகிறார்கள், ஆசிரியருக்கு நோய் கண்டால் என்ன செய்வார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கூறுவார் ஒருவரும் இல்லை. தலைமையாசிரியரைக் குறை கூறேன். அவருக்கும் அன்று காலையில்தான் சீட்டுக் கட்டு வந்து சேர்ந்தது.

விவரம் தராமல் வாக்குக் கேட்டால் அச்சம்தான் வாக்களிக்கும். நம் சங்கத் தேர்தல்களிலேயே இதைக் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது முறை 2021 ஜனவரியில் கேட்டார்கள். இம்முறை பெரும்பாலோர் திறக்கலாம் என்றனர். ஜனவரி 19ஆம் தேதி பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தொடங்கின, வகுப்பறைக்கு 25 பேர் என்ற வரையறையோடும் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்தோடும். பிப்ரவரி 8ஆம் தேதி ஒன்பதும் பதினொன்றும் சேர்ந்தன. பிப்ரவரி 25ஆம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய வகுப்பினர் அனைவரும் தேர்வின்றியே தேறினர் என்று அறிவிப்பு. மார்ச்சு 22இல் அவ்வகுப்புகளுக்குப் பள்ளி மீண்டும் மூடப்பட்டது. நான் சொன்ன அம்மையாரின் மகளுக்குக் கிடைத்தது ஆறு வாரப் பள்ளி. பின்னர் இரண்டாம் அலை. செப்டம்பர் 1ஆம் தேதி உயர்வகுப்புகள் திறந்தபோது அவள் போகவில்லை. கூலியும் வேண்டியிருந்தது, தறியும் கைவந்திருந்தது, பாடமோ கைவிட்டிருந்தது. பதினெட்டு வயது நிறைந்ததும் நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினராவதற்கு 2024இல் விண்ணப்பித்தாள். விண்ணப்பத்தை நிரப்பித் தருமாறு தாயார் மறுபடியும் என்னிடமே வந்தார். கல்வித் தகுதி என்ற இடத்தில் ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி என்று எழுதினேன். அவள் நெய்யும் சேலையில் குறை சொல்வதற்கில்லை.

பெற்றோருக்கு விவரம் தரவில்லை என்று சொன்னேனல்லவா? விவரம் இல்லாமலா போயிற்று என்றால், தொடக்கத்தில் இல்லைதான். 2021 நடுவில் இருந்தது. அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் 70 மாவட்டங்களில் குருதிச் சோதனை நடத்தியது. 6 முதல் 9 வயதுள்ள குழந்தைகளில் 57.2 விழுக்காட்டினரிடம் நோய் ஏற்கெனவே வந்துபோனதற்கான அடையாளம் காணப்பட்டது. அவர்களுக்கு அப்போது தடுப்பூசி இல்லை. தொடக்கப் பள்ளிகளோ பெரும்பாலும் மூடியே கிடந்தன. பள்ளிக் கதவைச் சாத்தியும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை நோய் தொட்டுவிட்டுப் போயிருந்தது என்பதே அதன் பொருள். இந்த அளவீட்டை ஜூலை 20ஆம் தேதி வெளியிட்ட அக்கழகத்தின் தலைவர் டாக்டர் பல்ராம் பார்கவா, சிறு குழந்தைகள் இந்நோயைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள். ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் தடுப்பூசி போட்டுவிட்டு முதலில் தொடக்கப் பள்ளிகளைத் திறக்க எண்ணலாம் என்ற கருத்தைத் தெரிவித்தார். நம் மாநிலத்தில் நடந்தது தலைகீழ் வரிசை. பெரிய வகுப்புகள் முதலில். சிறுவர் இரண்டு மாதம் கழித்து. பெரிய பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு உண்டு, சொன்னபடி முகக்கவசம் அணிவார்கள் என்ற காரணங்கள் அதற்கு இருந்தன. அவை அற்பமான காரணங்களல்ல. எனினும் எழுத்தறியத் தொடங்கும் வயதில் இழப்பது எத்தகைய இழப்பு என்பதைத் தராசின் மறுதட்டில் வைத்துப் பெற்றோரோடு பேசியிருக்க வேண்டாமா? பேசியிருந்தால் பெற்றோர் ஒருகால் அப்போதும் வேண்டாமென்றே சொல்லியிருப்பர். சொல்லட்டுமே. அறிந்து சொல்லியிருப்பர்.

மக்களுக்கு மருத்துவப் புள்ளிவிவரம் விளங்காது என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அறுபதாம் நம்பர் நூலுக்கும் எண்பதாம் நம்பர் நூலுக்கும் கழியின் கணக்கைத் தலையிலேயே போடுகிறவர்கள், நூறு குழந்தைகளில் ஐம்பத்தேழு என்றால் விழிப்பார்களா?

பெற்றோருக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் இந்த விரிசல் புதிதன்று. 1955ஆம் ஆண்டில், காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் குழந்தைகளுக்குப் போடுவதை எதிர்த்து இராஜாஜியே எழுதினார். மருத்துவ உலகம் அவர் கருத்தை ஏற்கவில்லை; இயக்கமும் நிற்கவில்லை. அண்மையில், 2017 பிப்ரவரியில், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப் வழியே வதந்தி பறந்தது. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தினர். அம்மாதத்தோடு முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சிலும் தொடர நேர்ந்தது. அந்த ஊசியில் குற்றமில்லை. தட்டம்மையால் ஒரு குழந்தையைப் பறிகொடுத்த குடும்பத்தைக் கேட்டால் அதன் அருமை தெரியும். அன்றைய பெற்றோரின் அச்சம் தவறானது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் தவறான அச்சத்துக்கும் ஒரு தோற்றுவாய் உண்டு. பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் பள்ளியிலிருந்து அறிய வேண்டிய தாய், அதை அண்டை வீட்டுக் கைபேசியிலிருந்து அறிந்தாள். முதலில் வந்த சொல்லுக்கே வலிமை மிகுதி, வதந்தி முந்திக்கொண்டது.

இழப்பு எவ்வளவு என்பதும் பின்னர் அளக்கப்பட்டது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறுவர்களைச் சோதித்த ஓர் ஆய்வு, 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்ததைக் கண்டது. தமிழைவிடக் கணக்கில் பின்னடைவு மிகுதி. மனம் தளரவேண்டாத செய்தியும் அதே ஆய்வில் உண்டு. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது. அவ்வாறு மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலைப் பொழுதில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் முன்வந்தனர், பெண்களே மிகுதி. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்த அவ்வகுப்புகளைக் கண்டபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இதே பெண்கள் 2020இலும் இதே ஊர்களில் இருந்தார்கள். திண்ணையும் இருந்தது. பத்துப் பிள்ளைகளைக் காற்றோட்டமான இடத்தில் எட்ட எட்ட அமர்த்தி எழுத்துச் சொல்லித் தரலாமா என்று 2020 நவம்பரில் பெற்றோரைக் கேட்டிருந்தால், அந்த அம்மையார் தம் இரண்டு அச்சங்களுக்கும் ஒருசேர விடை கண்டிருப்பார். அந்தக் கேள்வி சீட்டில் இல்லை. திறப்பது, மூடுவது என்ற இரண்டுக்கு நடுவே எத்தனையோ வழிகள் இருந்தன. அவற்றை எடுத்துரைக்கக் கூடியவர்கள் வரிசையில் நின்று கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்பினர்.

ஊர்தோறும் பெற்றோரைத் திரட்டிப் பேச வைப்பதற்குக் காலம் போதாது என்பது அரசாங்கத்தின் தரப்பில் சொல்லத்தக்க நியாயமான மறுப்பு. இதற்காகப் புதிதாக ஓர் அமைப்பு வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருந்தே ஆகவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். நோய்க் காலத்தில் நான் அறிந்த ஊர்களில் இக்குழு பெயரளவில்தான் இருந்தது. உறுப்பினரில் சிலருக்குத் தாம் உறுப்பினர் என்பதே தெரியாது. 2022இல் தமிழ்நாட்டில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் தேர்தல் முடிந்தவுடன் உறங்கிவிடும் குழுக்களை நாம் நம் துறையிலும் பார்த்ததுண்டு. ஆகவே இங்கே நமக்கு ஒரு வேலை இருக்கிறது.

நெசவாளர் சங்கத்திலும் வேளாண்மைச் சங்கத்திலும் அங்கத்தினராக இருப்பவர்கள் அதே ஊர்ப் பள்ளியின் பெற்றோர்கள். கூட்டம் நடத்தும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. கணக்குக் கேட்கும் பழக்கமும் உண்டு. சில சங்கங்களில் வேண்டியதற்கு மேலேயே உண்டு. அப்படிப்பட்ட இருவர் மேலாண்மைக் குழுவில் அமர்ந்தால், தலைமையாசிரியர் நீட்டும் தாளில் கையொப்பமிடுமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். அடுத்த தொற்று வரும்போது, அது காய்ச்சலாயினும் அம்மையாயினும், வட்டார சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்யும்படி குழு எழுத்து மூலம் கோரட்டும். பெற்றோர் சொல்லும் காரணங்களை, அவை எவ்வளவு சிறியவையாகத் தோன்றினும், புத்தகத்தில் பதியட்டும். மேலிருந்து முடிவு வந்த பிறகு, நாம் சொன்னவற்றுள் எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்று கேட்டு எழுதட்டும். பதில் வரத் தாமதமாகலாம். நினைவூட்டுக் கடிதம் எழுதுவது எப்படி என்பதை நம் சங்கச் செயலாளர்களைவிட நன்கறிந்தவர் இல்லை.

இன்னொன்று இடம் பற்றியது. பெரும்பாலான சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அது பூட்டியே கிடக்கிறது. நூல் கொடுக்கும் நாளும் துணி வாங்கும் நாளும் நீங்கலாக அதன் முன்கூடம் காலியாகவே இருக்கிறது. பள்ளி மூடும் காலம் மறுபடி வருமாயின், அந்தக் கூடத்தில் பத்துப் பிள்ளைகள் உட்காரத் தடையென்ன? இலாபப் பங்கீட்டில் பொது நல நிதி ஒதுக்கும் சங்கங்கள், கற்பிக்க வரும் பெண்ணுக்கு அதிலிருந்து சிறு தொகை தருவதை நிர்வாகக் குழுவில் விவாதிக்கலாம். துணைவிதிகளில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் திருத்தத்துக்குத் தீர்மானம் போடலாம். நோய் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் கடிதப் போக்குவரத்து முடிவதற்குள் நோய் போய்விடும். ஆகையால் வருகிற பொதுக் கூட்டத்து நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் ஆய்வுக்கு வரும் சங்கங்களில், கூடத்தில் பிள்ளைகள் இருந்தால் நான் பின்னறையில் உட்கார்ந்து பேரேட்டைப் பார்த்துக்கொள்வேன்.